ஆட்டிடம் கேட்ட கேள்விகள்

அந்த அக்காவிடம் எதையும் பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டு நகர முடியாது. ரேஷன் கடையில் "சரக்கு வரல" என்றால் மற்றவர்கள் பையை மடித்துக்கொண்டு திரும்பிவிடுவோம். அவர் நிற்பார்.

"எந்தச் சரக்கு வரல? பருப்பா, எண்ணெயா, ரெண்டுமா? தோ, போர்டு காலியாத்தான இருக்குது. அதுல எழுதிடுங்க, பாத்துட்டுப் போறேன்."

எழுதும்வரை வரிசை நகராது. பின்னால் நிற்பவர்கள் பல்லைக் கடிப்பார்கள். நானும் கடித்திருக்கிறேன், இடுப்பில் குழந்தை நெளியும் எரிச்சலில்.

கல்யாணமாகி மரக்காணத்து உப்பளங்களை ஒட்டிய அந்த ஊருக்கு நான் போனபோது அவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு. கணவர் இல்லை. ஒரே மகளைப் பிரம்மதேசத்தில் கட்டிக்கொடுத்துவிட்டார். எட்டாவதுவரை படித்தவர். ஆனால் பல வருடம் உப்பின் வெள்ளை வெளிச்சத்தில் நின்று கண் மங்கிவிட்டது, பொடி எழுத்து தெரியாது. எழுத்தின்மேல் அவருக்கிருந்த பிடிவாதம் அதனாலேயே கூடியதோ என்று யோசித்திருக்கிறேன். தெரியவில்லை. என் மாமியாரான அத்தை ஒருநாள் கோபத்தில், "ஊரே உன்னத் திட்டுது" என்றபோது அவர் கோபப்படவே இல்லை.

"ஊருன்னா யாரு? பேரு சொல்லு, நான் போயி கேட்டுட்டு வர்றேன்."

அத்தையால் ஒரு பெயரும் சொல்ல முடியவில்லை. அன்றிலிருந்து அத்தைக்கு அவரைக் கண்டாலே ஆகாது.

உப்பளத்தில் வேலை செய்யும் பெண்களுக்குக் குடிக்கத் தண்ணீரும் இல்லை, ஒதுங்க நிழலும் இல்லை. ஒரு கோடையில், உப்பு வாரிக்கொண்டிருந்த ஒருத்தி வரப்பிலேயே மயங்கி விழுந்தாள். அதைப் பற்றி எல்லோரும் ஒரு வாரம் பேசினார்கள். இவர் மட்டும் மகள் கையால் ஒரு மனு எழுதவைத்து, ஊரில் யாரையும் கேட்காமல், தொழிலாளர் ஆபீசுக்கு அனுப்பிவிட்டார். அதிகாரிகள் வந்தார்கள். சில நாட்களில் உப்பளத்தில் ஒரு தகரக் கொட்டகையும் நீல நிறத் தண்ணீர் டிரம்மும் முளைத்தன.

அதற்குப் பிறகுதான் ஊர் கூடியது. ஊர்ப் பெரியவர்கள் ஐந்து பேர், அதில் என் மாமனார் ஒருவர். நாங்கள் பெண்கள் கோயில் மதிலோரம் தள்ளி நின்று கேட்டோம்.

"ஊர்ப் பிரச்சினைய ஊர்ல சொல்லணும். வெளிய எடுத்துட்டுப் போனது தப்பு" என்றார் மாமா. "ஊர் கால்ல வுழுந்து மன்னிப்பு கேட்டுடு. இதோட போவட்டும்."

"வெளிய போவக்கூடாதுன்னு எங்கங்க எழுதியிருக்குது?"

"எழுத வேணாம். அது வழக்கம்."

"அப்ப இப்ப எழுதிக் குடுங்க. அஞ்சு பேரும் பேரு போட்டு, கையெழுத்து போட்டுக் குடுங்க. நான் வுழுறேன்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. "வாய்வார்த்தைதாம்மா ஊருக்குக் கட்டு" என்று எழுந்துவிட்டார்.

மறுநாளிலிருந்து அவரோடு யாரும் பேசக்கூடாது. பேசினால் அந்த வீட்டுக்கும் அதே கதி. கடையில் சாமான் கிடையாது. உப்பளத்தில் வேலை கிடையாது. அவர் கேட்டு வந்த தண்ணீரை மற்றப் பெண்கள் குடித்தார்கள். அவர் ஒரு தீப்பெட்டி வாங்க ஈ.சி.ஆர். சாலை வரை நடந்து பஸ் பிடித்து மரக்காணம் போய்வந்தார்.

மாமா கெட்டவர் என்று நினைத்துவிடக் கூடாது. நான் படித்த பெண் என்பதில் அவருக்கு அவ்வளவு பெருமை. குரூப் ஃபோர் பரீட்சைக்கு நான் படிக்க, பாண்டிச்சேரிக்குப் போய்ப் புத்தகங்களை வாங்கி வந்தவர் அவர்தான். சாயங்காலம் என் எட்டு மாதப் பெண்ணைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் நடந்தால்தான் அவள் அழுகையை நிறுத்துவாள்.

பகலில் அவளைத் தூங்கவைப்பது என் பாடு. உட்கார்ந்தால் அழுவாள். அதனால் அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு, ஒரு கையில் புத்தகத்தோடு, கொல்லையில் வேலியோரம் முன்னும் பின்னும் நடந்தபடி சத்தமாகப் படிப்பேன். அந்த மாதம் நான் படித்துக்கொண்டிருந்த பாடம் இந்திய அரசியலமைப்பு: அதன் தோற்றமும் சிறப்பு இயல்புகளும். தாலாட்டு மாதிரி இழுத்துப் படிப்பேன். "அரசியல் நிர்ணய சபை... எழுதி முடிக்க எடுத்துக்கொண்ட காலம்... இரண்டு ஆண்டு, பதினொரு மாதம், பதினெட்டு நாள்..."

வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து ஒரு குரல் வந்தது.

"ஏய் வெள்ளச்சி, மூணு வருசமாவா எழுதினாங்கன்னு கேளு."

வெள்ளச்சி அவருடைய ஆடு. நான் நின்றுவிட்டேன். பனை மட்டை இடுக்கில் அவர் தெரிந்தார். என்னைப் பார்க்காமல், ஆட்டின் காதைத் தடவிக்கொண்டிருந்தார். அவர் என்னிடம் பேசவில்லை. ஆட்டிடம்தான் பேசினார். நானும் அவரிடம் பேச வேண்டியதில்லை.

"பாப்பா," என்றேன் என் பெண்ணிடம். "ஒவ்வொரு வரியா எடுத்துப் பேசிப் பேசி எழுதினாங்களாம். திருத்தம் மட்டும் ஆயிரக்கணக்குல வந்துதாம்."

"பாத்தியா வெள்ளச்சி. நம்ம ஊர்ல ஒரு பந்திக்கு இன்னா கூட்டு, இன்னா பொரியல்னு முடிவு பண்ணவே மூணு நாளு சண்ட. நாட்டுக்கே எழுதறதுன்னா ஆவாதா? சரி, கடைசில யாரு கையெழுத்து போட்டாங்கன்னு கேளு."

"இருநூத்து எண்பத்து நாலு பேரு, பாப்பா."

அவர் ஆட்டின் முகத்தைத் தன் பக்கம் திருப்பினார்.

"இருநூத்து எண்பத்து நாலு பேரு பேரு போட்டுக் கையெழுத்து போட்டான், வெள்ளச்சி. இங்க அஞ்சு பேரால ஆவல."

இப்படித்தான் ஆரம்பித்தது. தினமும் பதினோரு மணிவாக்கில், மாமா உப்பளத்துப் பக்கம் போயிருக்கும் நேரம். நான் செய்வது சரிதானா என்று தினமும் யோசிப்பேன். பேசக்கூடாது என்றுதானே சொன்னார்கள், படிக்கக்கூடாது என்று சொல்லவில்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அடுத்த நிமிடமே, குழந்தைக்குக் காது குத்த நாள் பார்த்திருக்கிறார்களே, எங்களையும் ஒதுக்கிவிட்டால் பந்தலில் யார் வந்து உட்காருவார்கள் என்று பயப்படுவேன்.

நான் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்தவற்றை அவர் பிடித்து உலுக்குவார். பாராளுமன்ற முறை பிரிட்டனிலிருந்து, அடிப்படை உரிமைகள் அமெரிக்காவிலிருந்து, வழிகாட்டு நெறிகள் அயர்லாந்திலிருந்து என்று நான் ஒப்பித்தால், "நல்லது எங்க இருந்தா இன்னா, எடுத்துக்கிட்டாங்க பாரு" என்பார் ஆட்டிடம். வழிகாட்டு நெறிகளைக் கேட்டுக் கோர்ட்டுக்குப் போக முடியாது என்று படித்தபோது மட்டும் சண்டைக்கு வந்துவிட்டார்.

"கேக்க முடியாதத எதுக்கு எழுதினான்?"

"அரசாங்கத்துக்கு வழிகாட்டறதுக்காம், பாப்பா. வேலை செய்யற இடம் மனுசங்க வேலை செய்யற மாதிரி இருக்கணும்னு நாப்பத்திரண்டாவது பிரிவுல போட்டிருக்குது."

"தண்ணி, நிழலு அதுல வருமா?"

"வரும்னுதான் நினைக்கறேன்."

"நினைக்கறதெல்லாம் வேணாம். இன்னா போட்டிருக்குதோ அதப் படிக்கச் சொல்லு."

படித்தேன். நான்கு முறை படிக்கவைத்தார். அடிப்படைக் கடமைகள் பதினொன்று என்றபோது எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மாமனார் பேச்ச மீறக்கூடாதுன்னு அதுல இருக்குதா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப பன்னெண்டாவதா அந்தப் பொண்ணு சேத்துக்கிச்சு போல." எனக்குச் சுருக்கென்றது. புத்தகத்தை மூடிவிட்டு உள்ளே போய்விட்டேன். இரண்டு நாள் கொல்லைக்கே போகவில்லை. மூன்றாம் நாள் குழந்தை தூங்கவில்லை, போனேன்.

அன்று படித்தது பதின்மூன்றாவது பிரிவு. அடிப்படை உரிமைகளுக்கு முரணான எந்தச் சட்டமும் செல்லாது. இங்கே சட்டம் என்பதில் சட்டத்தைப் போலச் செயல்படும் வழக்கமும் பழக்கமும் அடங்கும். நான் அடுத்த வரிக்குப் போய்விட்டேன். வேலி அசைந்தது. அவர் மட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"வழக்கமும்னு போட்டிருக்குதா?"

ஆட்டைக் கூப்பிட மறந்துவிட்டார். நானும் பயத்தில், "பாப்பா, போட்டிருக்குது" என்று மட்டும் சொன்னேன்.

ஒரு வாரத்தில் அவருடைய இரண்டாவது மனு மரக்காணம் தாலுகா ஆபீசுக்குப் போனது. இந்த முறை ஊர்விலக்கு பற்றி.

விசாரணைக்கு அதிகாரி வந்த அன்று காலை அத்தை அடுப்படியில் என்னிடம் சொன்னார்: "நீ வேலியோரம் நிக்கறத ஊரே பாத்திருக்குது. நாங்க தெரியாத மாதிரி இருந்தோம். இன்னைக்கு வாயத் தொறந்த, நாளைக்கு இந்தக் குழந்தைக்குப் பால் யாரும் ஊத்த மாட்டாங்க."

கோயில் திடலில் நாற்காலி போட்டிருந்தார்கள். அதிகாரி நிதானமானவர். மனுவைப் படித்துவிட்டுப் பெரியவர்களைக் கேட்டார். மாமாதான் பதில் சொன்னார்.

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க சார். யாரு யாருகிட்ட பேசறாங்கன்னு நாங்க கணக்கா எடுக்கறோம்? எங்க வூட்டு மருமகளே தினம் அதுகிட்ட பேசிட்டுதான் இருக்குது. கேட்டுப் பாருங்க."

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "நீங்க அவங்ககிட்ட பேசுவீங்களாம்மா?"

இந்த இடத்தை எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அத்தை பால் பற்றிச் சொன்னது காதில் இருந்தது. ஆனால் அந்த அக்கா தனியாக நின்றிருந்தார். ஊர் முன்னால் ஒருமுறையாவது தைரியமாக இருக்க வேண்டும் என்று தோன்றியது. அவர் எனக்கு வேண்டியவர் என்று சொல்வதுதான் தைரியம் என்று நினைத்துவிட்டேன்.

"பேசுவேன் சார்," என்றேன், சத்தமாக.

பெரியவர்கள் முகம் தெளிந்தது. "பாருங்க சார்" என்றார் ஒருவர். அதிகாரி எழுதத் தொடங்கினார். பேனா ஓடியபோதுதான் நான் என்ன செய்துவிட்டேன் என்று உறைத்தது. மாமா கேட்ட சாட்சியத்தை நானே சொல்லிவிட்டேன்.

"சார், அத எழுதாதீங்க," என்றார் அக்கா. குரல் உயரவில்லை. "அது உண்மை இல்ல. அவ எங்கிட்ட ஒரு வார்த்த பேசினதில்ல."

"அவங்களே பேசுவேன்னு சொல்றாங்களேம்மா?"

"நான் என் ஆட்டுகிட்ட கேப்பேன். அவ அவ குழந்தகிட்ட பதில் சொல்லுவா."

திடலே சிரித்தது. அதிகாரிகூடச் சிரித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார். "ஆட்டுகிட்டயா?"

"ஆட்டுகிட்டதான் சார். ஏன் ஆட்டுகிட்டன்னு அவளக் கேளுங்க. கேட்டு, அவ சொல்றத அப்படியே எழுதுங்க."

சிரிப்பு அடங்கிவிட்டது. அதிகாரி என்னை மறுபடி பார்த்தார். "ஏம்மா? பக்கத்து வீடுதானே. நேரா பேசினா என்ன?"

மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேசக்கூடாது என்று சொன்னது யார் என்பதுதான் அடுத்த கேள்வி. அதற்கு ஒரே ஒரு பதில்தான் எனக்குத் தெரியும். குழந்தையை இறுக்கிப் பிடித்துவிட்டேன் போல, அவள் வீறிட்டாள்.

அக்கா என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். ரேஷன் கடைப் போர்டில் ஒரு வரிக்காக அரை மணி நேரம் நிற்கிறவர். ஒரு சொல்லைக்கூட விட்டுக்கொடுத்து நான் பார்த்ததில்லை.

"விடுங்க சார்," என்றார். "கைக்குழந்தக்காரி. அவளக் கேக்க வேணாம்."

அதிகாரி தயங்கினார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, யாராவது ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் ஏழு நாளுக்குள் எழுத்தில் கொடுக்கலாம், அதன்பிறகு கோப்பு இப்படியே மேலே போகும் என்றார். ஜீப் கிளம்பியது.

அந்த ஏழு நாளில் நான் கொல்லைக்குப் போகவில்லை. பரீட்சைக்கும் படிக்கவில்லை. பாண்டிச்சேரிக் கம்பெனியிலிருந்து சாயங்காலம் திரும்பும் என் கணவரிடம் ஒருநாள் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "எங்கப்பா பேரையா எழுதப் போற?" என்று கேட்டார். மாமா வழக்கம்போலக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். அவளுக்கு முதல் பல் தெரிந்ததைக் கண்டுபிடித்ததும் அவர்தான். அன்று அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து, அதிகாரிக்கு எழுதிவைத்த தாளைக் கிழித்தேன். மறுநாள் மறுபடி எழுதினேன். அதையும் கிழித்தேன். எழுதினால் இந்த வீட்டுக்கு என்ன ஆகும் என்று தெரியவில்லை. எழுதாவிட்டால் என்ன ஆகும் என்று தெரிந்திருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் சாகும்வரை ஆட்டோடு பேசிக்கொண்டிருப்பார்.

ஏழாம் நாள், தடுப்பூசி என்று பொய் சொல்லிவிட்டுக் குழந்தையோடு மரக்காணம் பஸ் ஏறினேன். ஒரே பக்கம்தான். பரீட்சை விடை மாதிரி எண் போட்டு எழுதியிருந்தேன். எந்த மாதம் ஊர் கூடியது. என்ன சொன்னார்கள். சொன்ன ஐந்து பேர் யார். நான்காவது பெயருக்குப் பக்கத்தில், "இவர் என் மாமனார்." தாலுகா ஆபீசில் கொடுத்துவிட்டு, யாராவது கூப்பிட்டுவிடப் போகிறார்கள் என்பதுபோல வெளியே ஓடிவந்தேன்.

திரும்பி ஊருக்குள் நடந்தபோது மணி ஒன்றாகியிருந்தது. மாமா வீட்டு வாசலில் வேப்பமர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தெருக்குழாயில் இரண்டு பேர் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டுக்கு முந்தைய வீடு அக்காவுடையது. அவர் வாசலில் நான் அதுவரை நின்றதே இல்லை.

"அக்கா," என்று கூப்பிட்டேன்.

வெளியே வந்தவர் என்னைப் பார்த்ததும் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். அவர் பயந்து நான் பார்த்தது அன்றுதான்.

"இன்னாம்மா இது? பின்பக்கமா போ. உங்க மாமா பாக்குறாரு."

"எழுதிக் குடுத்துட்டேங்க்கா."

"இன்னா எழுதின?"

சொன்னேன். "சுருக்கமா சொல்லாத, எழுதினத அப்படியே சொல்லு" என்றார். தெருவில் நின்று, ஒன்று, இரண்டு என்று எல்லாவற்றையும் ஒப்பித்தேன். ஐந்து பேர் என்ற இடத்தில் அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"உங்க மாமா பேரு?"

"எழுதியிருக்கேன்."

கண்ணை முந்தானையால் ஒற்றிக்கொண்டார். அது உப்பால் கெட்ட கண்தான், எப்போதும் நீர் வடியும்.

"நகல்ல சீல் போட்டு வாங்கினியா?"

"இல்லக்கா. குடுத்துட்டு வந்துட்டேன்."

"எம்மாடி! அத வாங்காம எப்படிம்மா வந்த? நாளைக்கு அப்படி ஒண்ணு வரவே இல்லன்னா இன்னா பண்ணுவ? இத்தன புத்தகம் படிக்கிற!" உள்ளே போய், கதவைச் சாத்திப் பூட்டிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வந்தார். "ஆபீசு சாயந்தரம் வரைக்கும் இருக்கும். இன்னைக்குத்தான் கடைசி நாளு. வா போலாம். குழந்தைய எங்கிட்ட குடு, நீ ஏற்கெனவே நடுங்கிட்டு நிக்கிற."

கொடுத்தேன். அவர் என் பெண்ணைத் தோளில் சாய்த்துக்கொண்டு, கொல்லைப் பக்கமாகச் சுற்றிப் போகாமல், தெரு நடுவில் நடந்தார். நான் பின்னால் போனேன். குழாயடியில் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது, யாரும் எடுக்கவில்லை. எங்கள் வாசலைத் தாண்டும்போது மாமா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"குழந்தைய வாங்கும்மா," என்றார் என்னைப் பார்த்து.

அக்கா நின்றார். திரும்பவில்லை. நான் கேட்டால் கொடுத்துவிடுவார், அது தெரிந்தது. தோளில் என் பெண் அரைத் தூக்கத்தில் வாயைச் சப்பிக்கொண்டிருந்தாள்.

"வாங்கும்மா. உன்னத்தான் சொல்றேன்."

"மரக்காணம் வரைக்கும் போயிட்டு வந்துடறோம் மாமா," என்றேன். கையை நீட்டவில்லை.

அக்கா நடக்க ஆரம்பித்தார். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது.